விசை போன வழி: அடிபட்ட சொந்த விமானத்தைச் சரிசெய்தலும் மாற்றியமைத்தலும்

சொந்தமாகக் கட்டிய விமானம் அடிபட்டுக் கொட்டகைக்குத் திரும்பும்போது கண்ணில் முதலில் படுவது கசங்கிய தகடும் ஒடிந்த புரொப்பெல்லரும்தான். அவற்றைச் சரிசெய்யத் திருவள்ளூர் மாவட்டத்தில் கைத்திறனுக்குப் பஞ்சமே இல்லை. காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தகடு வளைக்கவும், பைப் பற்றவைக்கவும், லேத்தில் கடையவும் தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். கசங்கியதை நிமிர்த்திப் பெயின்ட் அடித்துப் புதுசுபோல் காட்ட ஒரு வாரம் போதும். அப்படிப் புதுசுபோல் தெரியும் விமானம்தான் மிகவும் ஆபத்தானது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றித்தான் நகரும். அடி பட்ட இடத்தில் சேதம் தொடங்குகிறது, அங்கேயே முடிவதில்லை. மோதலின் விசை எந்தெந்த உறுப்பு வழியாகப் போய் எங்கே அடங்கியதோ, அதுவரை சேதம் இருக்கலாம். பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த வழியைக் கண்டுபிடிப்பது. கருவியை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

திருவாலங்காடு போன்ற ஓர் ஊரில் கொட்டகை பிடித்து வேலை செய்யப்போகிறவரை மனத்தில் வைத்தே இங்கே எல்லாம் சொல்லப்படுகிறது. வேலைக்கு ஏற்ற ஊர் அது. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது, காக்களூர் பக்கம், கும்மிடிப்பூண்டியும் அதே மாவட்டம். ஆனால் பறப்பதற்கு ஏற்ற ஊர் அல்ல. மோசூர், புளியமங்கலம் தாண்டினால் அரக்கோணம். அங்கே 1992 முதல் இயங்கும் ஐஎன்எஸ் ராஜாளி, கடற்படையின் பெரிய விமானத் தளம். கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் ஏறி இறங்கும் வான்வெளி அது. எனவே கொட்டகையில் வேலை முடிந்ததும் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி, பறக்க அனுமதி உள்ள ஓடுதளத்துக்குக் கொண்டுபோவது என்றே திட்டமிடுங்கள். இறக்கை கழற்றும்படி இருக்கிறதா, லாரியில் எப்படித் தாங்கு கொடுப்பது என்பதெல்லாம் பழுதுபார்ப்புத் திட்டத்தின் பகுதிதான்.

1. முதல் நாள்: கை வைக்காதீர்கள்

விபத்து நடந்த இடத்திலிருந்து விமானத்தை உடனே நகர்த்தத் தோன்றும். கூட்டம் சேரும், வயலின் சொந்தக்காரர் அவசரப்படுத்துவார். ஆனால் இந்தியாவில் விமான விபத்துகளின் விசாரணைக்கென்று 2017-இல் வந்த விதிகள், அடிபட்ட விமானத்தை அனுமதியில்லாமல் நகர்த்தக்கூடாது என்கின்றன. ஆளை மீட்பது, தீயிலிருந்து காப்பது போன்ற அவசரங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும், விபத்து விசாரணை அமைப்பான ஏஏஐபிக்கும் தகவல் போயாக வேண்டும். நகர்த்தலாம் என்ற பதில் வரும்வரை பெட்ரோல் வால்வை மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். அதற்குமேல் எதையும் தொட வேண்டாம்.

காத்திருக்கும் அந்த நேரம் வீண் அல்ல. தரையில் சக்கரத் தடம் எங்கே தொடங்குகிறது, புரொப்பெல்லர் மண்ணை எத்தனை இடத்தில் வெட்டியிருக்கிறது, இறக்கை நுனி எங்கே உரசியது என்று எல்லாவற்றையும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. மண்ணில் வரிசையாகப் பல வெட்டுகள் இருந்தால் எஞ்சின் விசையோடு ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். ஒரே ஒரு குழி என்றால் அது நின்றுபோயிருக்கலாம். எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்று பின்னால் வாதம் வரும்போது இந்தப் படங்களே பதில் சொல்லும்.

2. விசையைத் தொடர்ந்து போங்கள்

சிறிய விமானங்களில் அடிக்கடி நேரும் மூன்று விபத்துகளையும், ஒவ்வொன்றிலும் விசை போகும் வழியையும் பார்ப்போம்.

மூக்குச் சக்கரம் மடங்கினால்: சக்கரத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவருக்கு, அங்கிருந்து எஞ்சின் தாங்கிக்கும் உடலின் நீளவாட்டுச் சட்டங்களுக்கும் விசை போகும். அதே கணத்தில் புரொப்பெல்லர் தரையில் மோதும் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிராங்க் தண்டுக்குப் போகும். ஆக, மடங்கிய கால் ஒன்றுக்காக நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள் குறைந்தது ஆறு. கால் மிதிகளின் கீழே உள்ள தரைத் தகட்டை உள்பக்கமிருந்து பார்க்க மறக்காதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் சாய்வாக ஒரு நெளிவு இருக்கும்.

தரையில் விமானம் பக்கவாட்டில் சுற்றிவிட்டால்: பிரதானச் சக்கரக் கால், அது உடலோடு சேரும் பொருத்து, அதற்கு மேலே இறக்கை சேரும் பொருத்து. சுழலும்போது வாலின் எடை பக்கவாட்டில் இழுப்பதால் வால் பகுதி உடலோடு சேருமிடமும் முறுக்கப்பட்டிருக்கும்.

இறக்கை நுனி தரையில் பட்டால்: நுனியில் சின்னக் கசங்கல்தான் தெரியும். ஆனால் இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியிலிருந்து நுனி எவ்வளவு தூரமோ அவ்வளவு நெம்புவிசை அந்த அடிப்பகுதியில். முதுகெலும்புச் சட்டமான ஸ்பார் உடலோடு சேரும் போல்ட்டுத் துளைகளைக் கட்டாயம் பாருங்கள். போல்ட்டைக் கழற்றித் துளையை அளந்தால் வட்டம் நீள்வட்டமாகியிருப்பது தெரியவரலாம்.

தகடு நமக்குத் தடயங்களைக் காட்டும். சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் ஓடும் சுருக்கம் என்றால் அந்தத் தகடு வெட்டுவிசையைச் சுமந்து தோற்றிருக்கிறது. ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் வளையமாக வெடித்திருந்தால் அது அசைந்திருக்கிறது. ரிவெட்டின் பின்னே காற்றோட்டத் திசையில் கறுப்புப் பொடி கோடாகப் படிந்திருந்தால், விபத்துக்கு முன்பிருந்தே அது தளர்ந்து உரசிக்கொண்டிருந்தது. அந்தப் பொடி உரசலில் தேய்ந்த அலுமினியம். அந்த இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விபத்தோடு சம்பந்தமில்லாத பழைய நோய் அது, ஆனாலும் இப்போதே குணமாக்க வேண்டியது.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கு டிபி டெஸ்ட் செய்யுங்கள். சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் வெடிப்பு சிவப்புக் கோடாக எழும். இரும்புப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை இன்னும் நல்லது. வார்ப்பட, ஃபேப்ரிகேஷன் தொழில்கள் நிறைந்த பகுதி என்பதால் இரண்டையும் அன்றாடம் செய்பவர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். அவர்களிடம் பாகத்தைக் கொடுக்குமுன் பெயின்ட்டை ரசாயனத்தால் நீக்குங்கள். தேய்த்தோ மணல் வீசியோ எடுத்தால் வெடிப்பின் வாய் மூடிக்கொள்ளும்.

3. அளவெடுத்தல்: கொத்தனாரின் கருவி போதும்

உடல் முறுக்கிக்கொண்டதா என்று பார்க்க லேசர் வேண்டியதில்லை. வீடு கட்டும் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலும் தூக்குக் குண்டும் போதும். விமானத்தை மூன்று ஸ்டாண்டில் நிறுத்தி, வரைபடம் சொல்லும் சமமட்டப் புள்ளிகளை டியூப் லெவலால் சமமாக்குங்கள். வால் முனையின் நடுப்புள்ளியிலிருந்து இடது இறக்கை நுனிக்கும் வலது இறக்கை நுனிக்கும் ஸ்டீல் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பிறகு மூக்கின் நடுப்புள்ளியிலிருந்து கிடைவால் நுனிகள் இரண்டுக்கும் அளந்துகொள்ளுங்கள். இடமும் வலமும் ஒத்துவர வேண்டும். எவ்வளவு வித்தியாசம் ஏற்கத்தக்கது என்பதை விமானத்தின் வரைபடமே சொல்லும், நம் ஊகம் அல்ல.

நூல் டேப் நீளும், பயன்படுத்தாதீர்கள். தகரக் கூரை சூடாகும் மதியத்தில் அளக்க வேண்டாம். அலுமினியம் வெப்பத்தில் விரியும். ஒரு பக்கம் வெயில் படும் கொட்டகையில் இரண்டு இறக்கைகளும் ஒரே சூட்டில் இருக்காது. காலையில் வெயில் ஏறும் முன் அளவை முடித்துவிடுங்கள்.

4. எஞ்சினும் புரொப்பெல்லரும்

புரொப்பெல்லர் எதன்மீதாவது மோதியிருந்தால் எஞ்சினைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறபடி பரிசோதித்தே ஆக வேண்டும். மோதிய பிறகும் எஞ்சின் சீராக ஓடியது என்பது சமாதானம் ஆகாது. மர புரொப்பெல்லர் சிதறிவிட்டதால் எஞ்சினுக்கு அடி போகவில்லை என்பதும் அப்படித்தான். லைகமிங் எஞ்சின்களுக்கு அமெரிக்க விமான நிர்வாகம் 2004-இல் ஒரு கட்டாய ஆணையே பிறப்பித்தது. புரொப்பெல்லர் அடிபட்டால் கிராங்க் தண்டின் பின்முனையிலுள்ள பல்சக்கரத்தையும் அதன் போல்ட்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் ஆணை அது. முன்பக்கம் பட்ட அடி பின்முனைவரை போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தியாவில் சிறிய விமானங்களில் பரவலாகக் காணும் ராட்டாக்ஸ் 912 வகையில், புரொப்பெல்லருக்கும் கிராங்குக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ் உண்டு. 100 குதிரைத்திறன் மாடலில் அதன் விகிதம் 2.43-க்கு 1. கியர்பாக்ஸ் அடியின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும், முழுவதையும் அல்ல. புரொப்பெல்லர் தண்டின் ஃபிளாஞ்சில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பது உங்கள் வேலை. முள் எவ்வளவு ஆடலாம் என்ற எல்லையைக் கையேட்டிலிருந்து எடுங்கள். அதைத் தாண்டினால் எஞ்சினை அனுமதி பெற்ற பட்டறைக்கு அனுப்புங்கள். கிராங்க் தண்டைப் பக்கத்துத் தெரு லேத்தில் நிமிர்த்தவே கூடாது.

5. பொருள்: வலு மட்டும் போதாது, வரலாறும் வேண்டும்

பட்டறைக்கு உடைந்த துண்டைக் கொண்டுபோனால் இந்தப் பேச்சு நிச்சயம் நடக்கும்.

“அண்ணே, இதே சைஸ் பைப்பு நம்மகிட்டயே கிடக்கு. கொஞ்சம் கனம் கூடவே இருக்கு. போட்டுடவா?”

“வேணாம் தம்பி. கனம் கூடினா நமக்கு நல்லதில்ல. டிசி இருக்கிற பைப்பைத்தான் போடணும். நானே கொண்டுவர்றேன், நீ பற்றவைச்சுக் கொடு.”

அந்தப் பட்டறைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அவர் சொல்வது சரி. விமான உடலுக்குப் போடும் 4130 குரோம்-மாலிப்டினம் குழாய் இணைப்புக் கோடில்லாமல் இழுத்துச் செய்தது. கடையில் கிடைக்கும் சாதாரண எம்எஸ் பைப், தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் பற்றவைத்தது. விளைவு வலுவில் 4130 அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஈடுகட்டக் கனமான எம்எஸ் போட்டால் எடை ஏறும், எடை ஏறும் இடம் வாலாக இருந்தால் நிலைத்தன்மையே கெடும்.

போல்ட்டில் விஷயம் இன்னும் நுட்பமானது. கடையில் தலையில் 8.8 என்று பொறித்த ஹை டென்சைல் போல்ட் கிடைக்கும். அதன் இழுவலு சுமார் 800 மெகாபாஸ்கல். விமானப் பயன்பாட்டு ஏஎன் வகை போல்ட்டுக்குச் சுமார் 860. பார்த்தால் பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஏஎன் போல்ட்டில் மரையில்லாத வழுவழுப்பான தண்டு, இணைக்கும் தகடுகளின் கனத்துக்குச் சரியாக நிற்கும்படி எட்டில் ஓர் அங்குலப் படிகளில் கிடைக்கிறது. வெட்டுவிசை அந்த முழுத் தண்டின் மேல் விழும். கடை போல்ட்டில் மரை தலைப்பக்கம்வரை ஏறியிருக்கும். வெட்டுவிசை மரையின் பள்ளத்தில் விழும். பரப்பு குறைவு, பள்ளத்தின் அடி கூர்மை, வெடிப்பு அங்கேதான் பிறக்கும். அளவும் மில்லிமீட்டரில் இருப்பதால் அங்குலத் துளையில் ஆட்டம் கொடுக்கும். எனவே போல்ட், நட்டு, பூட்டுக் கம்பி எல்லாமே விமான வகையாகவே இருக்கட்டும். கட்டடத்துக்குக் கம்பி கட்டும் பைண்டிங் வயர் பூட்டுக் கம்பி ஆகாது.

விற்பவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு தகட்டுக்கும் குழாய்க்கும் மில் கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட்டை, பட்டறைப் பேச்சில் டிசியை, வாங்குங்கள். தகட்டில் அச்சிட்டிருக்கும் வார்ப்பு எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டி, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டும் கடினத்தன்மைச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரோ உலோகக் கலவையை மட்டுமே சொல்லும். 6061 என்று தெரியும், ஆனால் அது டி6 பதத்தில் இருக்கிறதா என்பதைக் கடினத்தன்மைதான் காட்டும். பதம் போன 6061 தகடு கலவையில் அச்சு அசலாக இருந்தாலும் பாதி வலுகூட இல்லாமல் இருக்கலாம்.

உள்ளூர்ப் பட்டறையை ஒதுக்குங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சென்னைக்கு இதில் நீண்ட மரபு உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டாஞ்செலிஸ் என்ற கார்சிகாக்காரர் 1910-இல் பல்லாவரத்தில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார். அவர் திட்டத்துக்கு அதைக் கட்டிக்கொடுத்தது குதிரை வண்டிகளுக்குப் பேர்போன சிம்சன் நிறுவனம். கைத்திறன் அன்றும் இங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் கையைக் கேளுங்கள். பொருளை நீங்கள் கொண்டுபோங்கள்.

6. தகடு வேலை

முதல் விதி: பழைய தகடு எந்தக் கலவை, எந்தப் பதம், எந்தக் கனமோ அதே போடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த கனத்துக்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். கெட்டியான ஒட்டு பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. விசை எப்போதும் விறைப்பான பாதையைத் தேடிப் போகும். கெட்டி ஒட்டின் விளிம்பில் விசை குவிந்து, ஒட்டுக்கு வெளியே பழைய தகட்டில் வெடிப்பு விழும்.

இரண்டாவது, ஒட்டுத் தகட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். ஓரத்தின் பிசிறை முழுவதும் எடுத்துவிடுங்கள். கூர் மூலையும் பிசிறும் வெடிப்பின் விதைகள்.

மூன்றாவது, ரிவெட்டின் இடைவெளி. ரிவெட் மையத்திலிருந்து தகட்டின் ஓரம்வரை குறைந்தது விட்டத்தின் 2 மடங்கும், ரிவெட்டுக்கு ரிவெட் குறைந்தது 3 மடங்கும் வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு ஓரம் 6.4, இடைவெளி 9.6 மில்லிமீட்டர். பழைய துளைகளையே மீண்டும் பயன்படுத்தும்போது ஓரத்தூரம் குறைந்துவிடுகிறதா என்று ஒவ்வொரு துளையையும் அளந்து பாருங்கள். துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட் போடலாம், ஆனால் அதற்கும் 2 மடங்கு ஓரம் மிச்சம் இருக்க வேண்டும்.

அடித்துப் பதிக்கும் கெட்டி ரிவெட்டுக்கு அளவு இப்படி: அடிக்கும் முன் தகட்டுக்கு வெளியே நீள வேண்டியது விட்டத்தின் ஒன்றரை மடங்கு. அடித்த பின் உருவாகும் தலையின் அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு. 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டில் அகலம் 4.8, உயரம் 1.6. ஒரு தகரத் துண்டில் 4.8-க்குத் துளையும் 1.6-க்கு வெட்டும் போட்டு வைத்துக்கொண்டால் நூறு ரிவெட்டையும் கண நேரத்தில் சோதித்துவிடலாம். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் சிஎச் 701 போன்ற விமானங்கள் இழுத்துப் பதிக்கும் ரிவெட்டில் கட்டப்பட்டவை. அங்கேயும் விமான வகை ரிவெட்தான் வேண்டும். பெயர்ப்பலகைக்குப் போடும் பாப் ரிவெட் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், வலுவில் பக்கத்தில்கூட வராது.

தகட்டில் கோடு போடப் பென்சில் எடுக்காதீர்கள். பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தோடு ஈரம் சேர்ந்தால் அரிப்பைத் தொடங்கிவைக்கும். கூரான ஊசியால் கீறுவதும் கூடாது, கீறல் வழியே வெடிப்பு ஓடும். ஃபெல்ட் பேனாவே போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தகடுகளை மூடும் முன் உள்முகங்களுக்கு எபாக்ஸி பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். ஈரக்காற்றில் எபாக்ஸி பிசுபிசுப்பாகப் பூத்துவிடும், அதன் மேல் அடிக்கும் அடுத்த பூச்சு ஒட்டாது. இந்த வேலைக்குத் தை பிறக்கும்வரை காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

7. குழாய் வேலையும் முறுக்கமும்

வளைந்த எஞ்சின் தாங்கிக் குழாயை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். உடல் சட்டத்தில் நடுக்குழாய் ஒன்று ஒடிந்திருந்தால் உள்ளே ஒரு குழாயைச் செருகி, வெளிக்குழாயைச் சாய்வாக வெட்டிப் பற்றவைக்கும் முறை உண்டு. சாய்வு வெட்டுதான் முக்கியம். நேர்வெட்டில் பற்றவைப்பின் சூடு குழாயைச் சுற்றி ஒரே வட்டத்தில் விழுந்து அங்கேயே பலவீனமாகும். சாய்வு வெட்டில் அது நீளத்துக்குப் பரவும். கேஸ் வெல்டிங்கோ ஆர்கான் வெல்டிங்கோ, பற்றவைத்ததைத் தண்ணீரில் நனைத்து ஆற்றக்கூடாது. 4130 அப்படி ஆறினால் கண்ணாடியாக நொறுங்கும். காற்று வீசாத இடத்தில் தானாக ஆற விடுங்கள்.

பற்றவைப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அதே குழாயில் இரண்டு துண்டைப் பற்றவைத்து வாங்கி, ரம்பத்தால் குறுக்கே வெட்டி உள்ளே ஊடுருவல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைத் துண்டைக் கொட்டகையிலேயே எடுத்துவையுங்கள்.

நட்டை இறுக்க டார்க் ரெஞ்சு கட்டாயம். உலர்ந்த, சுத்தமான மரைக்கு ஏஎன்3 போல்ட்டில் 20 முதல் 25 அங்குலப் பவுண்டு, ஏஎன்4 போல்ட்டில் 50 முதல் 70. சுயமாகப் பூட்டும் நட்டைக் கையாலேயே முழுவதும் திருக முடிந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். நைலான் பூட்டு நட்டு எஞ்சின் சூட்டுக்கு அருகில் போகக்கூடாது. இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் நட்டிலிருந்து தகடுவரை சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். பிறகு அது அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

8. மாற்றியமைத்தல்: ஒரு நேரத்தில் ஒன்று

பிரித்ததுதான் பிரித்தோம், கூடவே பெரிய எஞ்சினைப் போடலாம், மூக்குச் சக்கரத்தை வால் சக்கரமாக்கலாம் என்ற ஆசை இந்த நேரத்தில் வரும். ஆசை தப்பில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் விமானத்தை வரைபடத்தில் உள்ள நிலைக்குக் கொண்டுவந்து பறக்கவிடுங்கள். மாற்றம் அதற்கு அடுத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டுப் பறப்பில் ஓர் அதிர்வு வந்தால், அது பழுதினாலா மாற்றத்தினாலா என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றத்துக்கு முன் வடிவமைப்பாளரின் எழுத்துப்பூர்வமான கருத்தைக் கேளுங்கள்.

எடையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு விமானத்தின் வெற்று எடை 300 கிலோ, ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 0.350 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். திருப்புவிசை 105 கிலோ-மீட்டர். வால் பழுதுபார்ப்பில் ஒட்டுத் தகடு, ரிவெட், பெயின்ட் எல்லாம் சேர்ந்து 1.2 கிலோ கூடியது. வால் 4.2 மீட்டர் தள்ளி இருப்பதால் 5.04 கூடி மொத்தம் 110.04. புதிய எடையான 301.2-ஆல் வகுத்தால் 0.365. ஒன்றேகால் கிலோகூட இல்லாத எடை, ஈர்ப்பு மையத்தை 15 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பழைய இடத்துக்குக் கொண்டுவர 3 கிலோ பேட்டரியை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முன்னால் நகர்த்த வேண்டும். ஈர்ப்பு மையம் பின்னெல்லையைத் தாண்டினால் தானாகச் சமநிலைக்குத் திரும்பும் குணம் போய்விடும், ஸ்டாலிலிருந்து மீள முடியாமலும் போகலாம். எனவே ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மூன்று சக்கரங்களையும் தராசில் ஏற்றி உண்மையாக எடை பாருங்கள். காகிதத்தில் கூட்டினால் போதாது.

எடையைவிடக் கொடியது ஃப்ளட்டர். ஏலரான், எலிவேட்டர், ரடர் ஆகிய அசையும் தளங்கள் ஒரு வேகத்துக்கு மேல் தாமாகவே படபடத்து, நொடிகளில் இறக்கையையே பிய்த்தெறியும் நிலை அது. அதைத் தடுப்பது கீல் கோட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எடையின் சமநிலை. ஏலரானின் பின்விளிம்பில் சின்ன நசுங்கலை நிரப்பி, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்தால் அந்த எடை முழுவதும் கீலுக்குப் பின்னால் சேர்கிறது. அழகுக்காகச் செய்த வேலை உயிருக்கு உலையாகும் இடம் இதுதான். எந்தப் பூச்சுக்குப் பிறகும் தளத்தைக் கழற்றி, கீலில் தொங்கவிட்டு, வரைபடம் சொல்லும் சமநிலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். பெரிய எஞ்சின் போட்டாலும் மீறக்கூடாத உச்ச வேகம் உயராது. அது சட்டகத்தின் எல்லை, எஞ்சினுடையது அல்ல.

9. காகிதம்

அடிபட்ட நாளிலிருந்து பறக்கும் அனுமதி செல்லாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பழுதுபார்ப்பும் மாற்றமும் டிஜிசிஏ ஒப்புக்கொண்டால்தான் செல்லும். வேலை தொடங்கும் முன்பே சென்னையிலுள்ள அதன் அலுவலகத்துக்குத் திட்டத்தை எழுதிக் கொடுங்கள். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டை மூடிய பிறகு வந்து பார்ப்பவரால் எதற்கும் கையெழுத்துப் போட முடியாது.

காலமும் பிடிக்கும். மும்பையில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2016-இல் அதை மேக் இன் இந்தியா கண்காட்சியில் எல்லோருக்கும் காட்டினார். பதிவுச் சான்று 2017-இல் கிடைத்தது. பறக்கும் அனுமதி 2019-இல்தான் வந்தது. நீங்களும் மாதக் கணக்கில் அல்லாமல் வருடக் கணக்கில் பொறுமை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ஆவணங்களைச் செம்மையாக்குங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தேதி, செய்த வேலை, பொருளின் சான்று எண், டார்க் அளவு, படம், செய்தவர் கையெழுத்து, சோதித்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். செய்தவரும் சோதித்தவரும் ஒருவராக இருக்கவே கூடாது.

10. தரைச் சோதனையும் முதல் பறப்பும்

எரிபொருள் ஓட்டத்தில் தொடங்குங்கள். மூக்கை உச்ச ஏற்றக் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளக்க வேண்டும். புவியீர்ப்பில் ஓடும் அமைப்புக்கு முழு விசையில் எஞ்சின் குடிப்பதன் 150 சதவீதமும், பம்ப் அமைப்புக்கு 125 சதவீதமும் வர வேண்டும். 100 குதிரைத்திறன் ராட்டாக்ஸ் முழு விசையில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். எனவே புவியீர்ப்பில் நிமிடத்துக்கு 675 மில்லிலிட்டராவது விழ வேண்டும்.

பங்க் பெட்ரோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது நாடெங்கும் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. ராட்டாக்ஸ் 912-க்குத் தயாரிப்பாளர் ஏற்பது 10 சதவீதம்வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சீல்களையும் சில ஃபைபர் தொட்டிகளின் பூச்சையும் கரைக்கும். விமானம் பல மாதம் நின்றிருந்தால் குழாய்களை மாற்றி, தொட்டியைக் காலிசெய்து கழுவி, விமானப் பெட்ரோலான ஏவிகேஸ் போடுங்கள்.

பிறகு எஞ்சின் ஓட்டம், மெதுவான டாக்ஸி, வேகமான டாக்ஸி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் மூடியைக் கழற்றி, சிவப்புக் கோடுகளையும் கசிவுகளையும் பாருங்கள். வேகமான டாக்ஸியை ஓடுதளமாகத் தெரியும் ஏதோ ஓர் இடத்தில் செய்யாதீர்கள். இதே மாவட்டத்துச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் பின்னாளில் கார், பைக் பந்தயத்துக்குப் போனது. தார் போட்ட நீள நிலம் எல்லாம் விமானத்துக்கு உரிமையுள்ள நிலம் ஆகிவிடாது.

முதல் பறப்பை நீங்களே செய்ய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கேட்கவும் பேசவும் இயலாத கேரளத்து சாஜி தாமஸ் தன் கையால் கட்டிய சிறு விமானம் 2014-இல் நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியது ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ். கே. ஜே. நாயர். கட்டியவரின் பெருமை அதில் ஒரு துளியும் குறையவில்லை. பழுதுபார்த்த விமானத்தை அந்த வகையில் அனுபவமுள்ள ஒருவர், தனியாக, காலைக் காற்று அமைதியாக இருக்கும்போது ஓட்டட்டும். நீங்கள் தரையில் நின்று குறிப்பெடுங்கள்.

11. பறக்குமுன் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்

- விசை எங்கே தொடங்கி எங்கே அடங்கியது என்று ஒரு தாளில் வரைந்துகாட்ட முடியுமா?
- அந்த வழியிலுள்ள ஒவ்வொரு உறுப்பையும் பிரித்துப் பார்த்ததற்குப் படம் இருக்கிறதா?
- இடமும் வலமும் அளவு ஒத்துப்போகின்றனவா?
- புரொப்பெல்லர் அடிபட்டிருந்தால் எஞ்சினைக் கையேட்டின்படி சோதித்தாயிற்றா?
- புதிதாகப் போட்ட எல்லாப் பொருளுக்கும் சான்று கையில் இருக்கிறதா?
- அசையும் தளங்களின் சமநிலை பெயின்டுக்குப் பிறகு பார்க்கப்பட்டதா?
- தராசில் ஏற்றிய எடையும் ஈர்ப்பு மையமும் எல்லைக்குள் இருக்கின்றனவா?
- மூன்றாவது நபர் ஒருவர் முழு விமானத்தையும் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட்டாரா?

எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் அனுமதிக்கு எழுதுங்கள். முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால் மற்ற ஏழுக்கும் கிடைத்த பதில்களை நம்ப வேண்டாம். மீண்டும் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். சில விமானங்களில் அந்த வழியைத் தொடர்ந்து போனால் முதன்மை ஸ்பார்வரை சேதம் என்று தெரியவரும். அப்போது எஞ்சினையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு புதிய சட்டகம் கட்டுவதே சரியான பழுதுபார்ப்பு. அந்த முடிவை எடுப்பவரும் தன் வேலையை முழுமையாகச் செய்தவர்தான்.